தாயின் எழுத்தில் பெயர் பெறும் குதிரை



குதிரை என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது அறபுக் குதிரைதான். அந்த அறபு இரத்தம் ஐரோப்பாவின் குளிர் தேசமொன்றில் போய்க் கலந்து உருவான ஓர் இனத்தைப் பற்றி இம்மாதம் பேசுவோம். அதன் பெயர் டிராக்கேனர்.

ஐரோப்பியர் குதிரைகளைச் சூட்டு இரத்தம், குளிர் இரத்தம், இளஞ்சூட்டு இரத்தம் என்று மூன்றாகப் பிரிப்பர். உடற்சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எல்லாக் குதிரைகளின் உடல் வெப்பமும் ஏறக்குறைய 38 பாகை செல்சியஸ்தான். இது குணத்தைக் குறிக்கும் பேச்சு. துடிப்பான அறபுக் குதிரை முதல் வகை. பாரவண்டி இழுக்கும் பருத்த, சாந்தமான குதிரை இரண்டாம் வகை. இரண்டையும் கலந்தாற்போன்றது மூன்றாவது. இன்று தடை தாண்டும் போட்டிகளிலும் நடைப் பயிற்சிப் போட்டிகளிலும் நாம் காண்பவை பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையே.

1732ஆம் ஆண்டு பிரஷ்யாவின் மன்னர் முதலாம் பிரெடரிக் வில்லியம், கிழக்குப் பிரஷ்யாவில் டிராக்கேனன் என்னும் இடத்தில் அரச குதிரைப் பண்ணையொன்றை நிறுவினார். படைக்கு வேகமும் தாக்குப்பிடிக்கும் சக்தியும் உள்ள குதிரை அவருக்குத் தேவைப்பட்டது. அவ்வூர் விவசாயிகளிடம் இருந்ததோ சிறிய, முரட்டு உழைப்பாளிக் குதிரை. அந்த வழியில் வந்த பெண் குதிரைகளோடு அறபுக் குதிரைகளையும் ஆங்கிலேயப் பந்தயக் குதிரைகளையும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தார்கள். ஆங்கிலேயப் பந்தயக் குதிரையின் மூதாதைகளில் ஒன்றும் 1704இல் அலெப்போவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட அறபுக் குதிரைதான். ஆக, இரு வழியாலும் அறபு நஸப் உள்ளே வந்தது. மெல்லிய தலை, பெரிய கண், நீண்ட கழுத்து, தரையில் மிதப்பது போன்ற நடை எல்லாம் அங்கிருந்து வந்த சொத்து. கூருணர்வு உள்ள பிராணி. அதட்டி வேலை வாங்குபவரிடம் முரண்டு பிடிக்கும்.

போர் இல்லாத காலத்தில் இதே இனம் விவசாயிகளின் ஏர் உழுதது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் குர்மி அல்ல, நூர்மி என்ற டிராக்கேனர் தங்கம் வென்றது. (பின்லாந்தின் ஓட்டவீரர் ஒருவரின் பெயரும் அதுவே, குழம்பவேண்டாம்.) ஆனால் இவ்வினத்தின் உண்மையான சோதனை மைதானத்தில் நடக்கவில்லை.

1945 ஜனவரியில் சோவியத் படை கிழக்குப் பிரஷ்யாவுக்குள் நுழைந்தது. மக்கள் முன்கூட்டியே வெளியேறுவதை அங்கிருந்த நாஸி ஆளுநர் எரிக் கோச் தடுத்து வைத்திருந்தார். வெளியேறுவது தோல்வியை ஒப்புக்கொள்வதாம்! பிறகு அவர் கப்பலேறித் தப்பினார் என்பது வேறு கதை. ஆண்கள் பெரும்பாலோர் போர்முனையில். ஆகவே கடும் பனியில் வண்டிகளைப் பூட்டிப் புறப்பட்டவர்கள் பெண்கள், கிழவர்கள், பிள்ளைகள். ஒரே இரவில் வீட்டை விட்டுப் போவது எப்படியிருக்கும் என்பதை நம் வாசகிகளில் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தரைவழி அடைபட்டபோது, உறைந்து கிடந்த விஸ்துலா கடனீரேரியின் பனிக்கட்டி மேலேயே வண்டிகள் சென்றன. மேலிருந்து விமானங்கள் குண்டு போட்டன. பனி உடைந்து வண்டியும் குதிரையும் மனிதரும் ஒன்றாய் மூழ்கினர். இழுத்த குதிரைகளில் பல சினையானவை. தங்க இடமில்லை, தீவனமும் போதவில்லை. அப்படியே பல வாரங்கள் நடந்தன. மரியோன் டோன்ஹோஃப் என்ற 35 வயதுப் பெண், அலாரிக் என்ற தன் குதிரையில் ஏறி ஏழு வாரங்களில் சுமார் 1,200 கிலோ மீற்றர் கடந்து மேற்கு ஜேர்மனியை அடைந்தார். பிற்காலத்தில் அந்நாட்டின் பெரும் வார இதழான ‘டி சைட்’டின் ஆசிரியராக விளங்கியவர் அவரே.

பல்லாயிரமாய் இருந்த இனத்தில் மேற்கே சேர்ந்தவை சுமார் ஆயிரம்தான். எலும்பும் தோலுமாய், காயங்களோடு. 1947இல் வளர்ப்பாளர்கள் சங்கம் அமைத்து, சிதறிக் கிடந்தவற்றைத் தேடிப் பதிந்து மீண்டும் தொடங்கினார்கள். பழைய பண்ணை இருந்த ஊர் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதியில், யஸ்னயா பொல்யானா என்ற பெயரில் இருக்கிறது. ரஷ்யர் கைக்குப் போன குதிரைகளும் வீணாகவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எலேனா பெத்துஷ்கோவா என்ற சோவியத் பெண் விஞ்ஞானி, பெப்பெல் என்னும் டிராக்கேனரில் சவாரி செய்து குழுத் தங்கமும் தனிநபர் வெள்ளியும் பெற்றார்.

மற்ற ஐரோப்பிய இனங்களின் பதிவேடுகள் பலவற்றிலும் வேற்று இரத்தத்துக்கு இடமுண்டு. டிராக்கேனர் பதிவேட்டில் அறபு வழியும் ஆங்கிலப் பந்தயக் குதிரை வழியும் தவிர வேறெதற்கும் கதவு திறப்பதில்லை. இன்னொரு வழக்கமும் அவர்களிடம் உண்டு. குட்டியின் பெயர் தாயின் பெயர் தொடங்கும் எழுத்திலேயே தொடங்க வேண்டும். பாலைவனத்துப் பதவிகளும் தம் குதிரைகளின் வம்சத்தைத் தாய் வழியாகவே சொல்லி வந்தார்கள்.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தலேரா என்ற டிராக்கேனர் பெண் குதிரை, ஜெசிக்கா என்ற ஜேர்மன் பெண்ணைச் சுமந்து இரண்டு தங்கம் வென்றது. அடுத்த ஆண்டு ஜெசிக்கா தம் இரண்டாவது பிள்ளையைப் பெற்றெடுத்தார். இருவரும் 2024இல் பாரிஸுக்கு வந்தனர். மீண்டும் இரண்டு தங்கம். தலேராவின் தாயின் பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்கியது.