ஐக்யூ ஜாதகம் அல்ல

மனநல மருத்துவமனையிலிருந்து சோதனை அறிக்கையோடு வெளியே வரும் பெற்றோர் பலர் அதில் ஒரே ஒரு வரியைத்தான் படிக்கிறார்கள்: ஐக்யூ 68. வீட்டுக்கு வந்ததும் சொந்தத்தில் யாராவது ஒருவர் தீர்ப்பு எழுதிவிடுவார்: "அது பொறவியிலயே வர்றதுப்பா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது." படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள், கொஞ்சம் நாகரிகமாக. சோதனை காட்டுவது பிறவி அறிவை. அது வாழ்நாள் முழுக்க மாறாது. பரம்பரையாக வருவதால் மருந்தும் கிடையாது.

முதல் கூற்றை அந்தச் சோதனையை உருவாக்கியவரே ஏற்கவில்லை. வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் கொடுக்க அவர்களை இனம்காண வேண்டும் என்று பிரெஞ்சு அரசு 1904இல் ஒரு குழு அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 1905இல் ஆல்ஃபிரெட் பினேவும் தியோடர் சீமோனும் முதல் அளவுகோலை வெளியிட்டார்கள். அறிவைக் கூட்டவே முடியாது என்று பேசியவர்களை 1909இல் பினே எழுத்திலேயே கண்டித்தார். பயிற்சியால் கவனமும் நினைவாற்றலும் வளரும் என்பது அவர் கட்சி. ஆனால் இந்தக் கருவி அமெரிக்காவில் பரம்பரைவாதிகள் கையில் சிக்கியது. 'அறிவுக் குறைவு' என்று முத்திரை குத்தி ஆட்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லும் அளவுக்குப் போனது.

சோதனை நடக்கும் அறைக்குள் எட்டிப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். உளவியலாளர் நொடிக்கு ஒன்றாக, ஏற்ற இறக்கமில்லாத குரலில் எண்களைச் சொல்கிறார்: ஏழு, இரண்டு, ஒன்பது, நான்கு. பிள்ளை அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு தலைகீழாக. தலைகீழாகச் சொல்ல, எண்களை மனதில் பிடித்துக்கொண்டே புரட்டிப் போட வேண்டும்; செயல்படு நினைவு என்பது இதுதான். பதற்றம், தூக்கமின்மை, தூக்கம் வரவழைக்கும் மாத்திரை எல்லாம் முதலில் கைவைப்பது இங்கேதான். காது சரியாகக் கேட்காத பிள்ளையும் இங்கே தோற்கும். பெரியவர்களுக்கான சோதனையில், குறிகளைப் பார்த்து வேகமாக எழுதும் பகுதி ஒன்று உண்டு. மனச்சோர்வில் இருப்பவர் அதில் மந்தமாகிவிடுவார். நோய் தணிந்த பிறகு அதே ஆள் கூடுதல் மதிப்பெண் வாங்குவதுண்டு. நடுவில் பிறவி மாறிவிட்டதா என்ன?

தவிர, 68 என்பது பிள்ளையின் தலைக்குள் இருக்கும் ஏதோ ஒன்றின் அளவு அல்ல. ஒரே வயதுப் பிள்ளைகளின் சராசரியை 100 என்றும் திட்ட விலக்கத்தை 15 என்றும் வைத்துக்கொண்டு, அந்த வரிசையில் இவன் எங்கே நிற்கிறான் என்று சொல்லும் இடக்குறி அது.

'மாறாது' என்ற கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் 1932இல் 11 வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே நாளில் சோதனை வைத்தார்கள். அவர்களில் 101 பேருக்கு 77 வயதில் அதே சோதனையை மறுபடி வைத்தபோது ஒட்டுறவுக் கெழு (முழு ஒற்றுமை என்றால் 1) 0.63 வந்தது. 66 ஆண்டு இடைவெளிக்கு இது பெரிய ஒற்றுமைதான். ஆனால், ஒரு கூட்டத்தில் வரிசை பெரும்பாலும் கலையவில்லை என்பதற்கும், உங்கள் மகனின் எண் நகராது என்பதற்கும் நிறைய தூரம். பிரான்சில் புறக்கணிப்புக்கோ கொடுமைக்கோ ஆளாகி, 4 முதல் 6 வயதுக்குள் தத்துப் போன பிள்ளைகளை ஆராய்ந்து 1999இல் வெளியான முடிவைப் பாருங்கள். தத்துக்கு முன் அவர்கள் சராசரி 77. வளரிளம் பருவத்தில், ஏழைக் குடும்பங்களுக்குப் போனவர்கள் 85ஐத் தொட்டார்கள். வசதியான குடும்பங்களுக்குப் போனவர்கள் 98ஐ. மரபணு அதேதான், வீடுதான் வேறு.

பரம்பரை என்றால் கைவிரிக்க வேண்டும் என்ற வாதத்துக்கு ஒரே ஒரு நோய் போதும்: பினைல்கீட்டோன்யூரியா. முழுக்க முழுக்க மரபணுக் கோளாறு. கவனிக்காவிட்டால் கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடு. பிறந்த சில நாட்களில் கண்டுபிடித்து உணவில் பினைல்அலனின் அளவைக் கட்டுப்படுத்தினால் பிள்ளை ஏறக்குறைய இயல்பாகவே வளர்கிறது.

அப்படியானால் ஐக்யூ சோதனையே வீண் என்று சிலர் மறு கோடிக்குப் போகிறார்கள். அதுவும் தவறு. பிள்ளைக்கு எது வருகிறது, எது தடுக்கிறது என்று பகுதிவாரியாகக் காட்ட இதைவிட ஒழுங்கான கருவி குறைவு. எண்ணை மட்டும் வைத்து அறிவு வளர்ச்சிக் குறைபாட்டின் தீவிரத்தை முடிவு செய்வதைத்தான் மனநல மருத்துவமே கைவிட்டுவிட்டது. 2013இல் வந்த மனநோய் வகைப்பாட்டுக் கையேடான டிஎஸ்எம்-5, அன்றாட வாழ்க்கையில் பிள்ளை எப்படிச் சமாளிக்கிறது என்பதை வைத்தே தீவிரத்தைக் கணிக்கச் சொல்கிறது. அந்தக் குறைபாட்டுக்கான 70 என்ற எல்லையையும் 65 முதல் 75 வரை என்றே படிக்கச் சொல்கிறது.

ஆகவே, அந்தத் தாளை வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் சோதனை, எந்த மொழியில் வைத்தீர்கள்? கண், காது, தைராய்டு பார்த்தாயிற்றா? திரும்ப எப்போது வைக்க வேண்டும்? பதில் சொல்லாமல் எண்ணை மட்டும் தருபவரிடம் முழு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.