பழுதைக் கண்டுபிடிப்பது வேறு, பழுதை விற்பது வேறு

ஹெட்போன் மதிப்புரை என்ற பெயரில் இன்று எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி மதிப்புரையே அல்ல, விற்பனைக் கடிதம் என்பது எனது குற்றச்சாட்டு. பின்புறம் திறந்த பிளேனர் மக்னெற்றிக் ஹெட்போன்கள் விடயத்தில் இது எல்லை கடந்துவிட்டது. தாழ்ந்த ஒலிகள் போதவில்லை என்று ஒருவர் முறையிட்டால் புதிய அம்பிளிஃபயர் வாங்கு என்கிறார்கள். ஒரு பக்கம் மெலிந்து ஒலிக்கிறது என்றால் வெள்ளிக் கேபிள் வாங்கு என்கிறார்கள். உள்ளே ஏதோ கரகரக்கிறது என்றால் அடுத்த மாதிரி சந்தைக்கு வந்துவிட்டது என்கிறார்கள். பழுது எங்கே என்று கேட்பவர் அரிது.

பத்திரிகை ஆசிரியபீடத்தில் காலம் கழித்தவனிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். எந்த அறிக்கை மேசைக்கு வந்தாலும், இதனால் யாருக்கு இலாபம் என்று முதலில் கேட்பான். அந்தக் கேள்வியை இந்த எழுத்துகளிடமும் கேட்டுப்பாருங்கள். இரவலாகவோ இலவசமாகவோ வந்த கருவியை ஒரு கிழமை கேட்டுவிட்டு எழுதுபவருக்கு, மூன்றாம் ஆண்டில் அதன் காதுமெத்தை உரியப்போவது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. கொழும்பின் புழுக்கத்தில் பல ஆண்டுகளாக இத்தகைய ஹெட்போனுடன் வாழ்பவன் என்ற முறையில் மறுபக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

இக்கருவியின் இயக்கம் மர்மமானதன்று. சாதாரண ஹெட்போனில் ஒரு சிறு கம்பிச்சுருள் ஒரு கூம்பைத் தள்ளுகிறது. பிளேனர் வகையில் சுருள் இல்லை. மிக மெல்லிய படலமொன்றின் மேல் உலோகத் தடங்கள் நெடுகப் பதிக்கப்பட்டிருக்கும். காந்த வரிசைகளுக்கு முன்னால் நிற்கும் அந்தப் படலம், மின்னோட்டம் பாயும்போது ஏறத்தாழ முழுப்பரப்பும் ஒருசேர அசைகிறது. யமஹா நிறுவனம் 1976இலேயே எச்.பி.-1 என்ற பெயரில் இவ்வகை ஹெட்போனை விற்றது. பின்புறத்தைத் திறந்துவிடும் முறை அதற்கும் முந்தியது. சென்ஹைசரின் எச்.டி. 414 அதை 1968இல் உலகுக்குப் பழக்கியது. அரை நூற்றாண்டு கடந்த தொழில்நுட்பத்தை நேற்றுப் பிறந்த அதிசயம்போல் எழுதுவதில் ஒரு வசதி உண்டு. அதிசயத்தை யாரும் திருத்த முயல்வதில்லை.

முதலில் கேபிளை எடுத்துக்கொள்வோம். சுருள் வகை ஹெட்போனின் மின்தடை அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். 300 ஓம் என்று குறிக்கப்பட்ட சென்ஹைசர் எச்.டி. 600, தாழ்ந்த ஒலிகளில் ஏறத்தாழ 500 ஓம் வரை போகும். பிளேனரின் மின்தடையோ எல்லா அதிர்வெண்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். இதன் பொருள் என்ன? கேபிளின் சிறு தடை எதையாவது குறைத்தால், எல்லா ஒலிகளையும் ஒரே அளவில்தான் குறைக்கும். கேபிளின் தடை அரை ஓம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 32 ஓம் ஹெட்போனில் ஏற்படும் இழப்பு சுமார் 0.13 டெசிபல். ஒலியளவுக் குமிழை மயிரிழை திருப்பினால் அது சரியாகிவிடும். 'வெள்ளிக் கேபிள் உயர்ந்த ஒலிகளை மலரச் செய்தது' என்று எழுதுகிறவர், அந்த மலர்ச்சிக்கு வாய்ப்பு மிகக் குறைந்த கருவியைப் பற்றியே எழுதுகிறார். அறுந்த கேபிளை மாற்ற வேண்டும். அறாத கேபிளை மாற்றச் சொல்வது வியாபாரம்.

அம்பிளிஃபயர் விடயத்தில் நான் நியாயம் தவற விரும்பவில்லை. சில பிளேனர்களுக்கு அது உண்மையாகவே தேவை. ஹைஃபைமான் எச்.ஈ.-6 இன் உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். இசையின் உச்சக்கணங்கள் 110 டெசிபலைத் தொட வேண்டுமானால் அதற்குச் சுமார் 450 மில்லிவாட் தேவைப்படும். 91 டெசிபல் உணர்திறன் கொண்ட மற்றொன்றுக்குச் சுமார் 80 மில்லிவாட் போதும். 10 டெசிபல் கூடினால் மின்வலு பத்து மடங்காகும் என்ற ஒரு விதி தெரிந்தால், இந்தக் கணக்கை வீட்டில் எவரும் போடலாம். உங்கள் கருவிக்கு வேண்டிய அளவு இருக்கும் அம்பிளிஃபயரிலிருந்தே கிடைக்குமானால் அடுத்ததை வாங்கக் காரணமில்லை. 'பலன்ஸ்ட்' இணைப்பும் அப்படியே. அது கூடுதல் வலுவைத் தரலாம். வலு ஏற்கெனவே போதுமாயிருப்பவருக்கு அதனால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது.

'நூறு மணித்தியாலம் ஓடவிடுங்கள், ஒலி பக்குவப்படும்' என்ற அறிவுரையையும் கேட்டிருப்பீர்கள். அந்த நூறு மணித்தியாலத்தில் காதுமெத்தை அமிழ்ந்து தலைக்குப் பொருந்துவதும், காது புதிய ஒலிக்குப் பழகுவதும் உண்மை. பொருளைத் திருப்பிக் கொடுக்கும் தவணை முடிந்துபோவதும் உண்மை. இதில் எது விற்பனையாளருக்குப் பிரியமானது என்பதை வாசகர் ஊகிக்கட்டும்.

சரி, பழுது வந்தால் என்ன செய்வது? செய்தியாளன் செய்வதையே செய்ய வேண்டும். சாட்சிகளை ஒவ்வொருவராக விசாரிக்க வேண்டும்.

ஒரு பக்கம் மெலிந்தால், 1950களின் திரைப்பாடல் ஒன்றை ஓடவிடுங்கள். அக்காலப் பாடல்கள் மொனோ ஒலிப்பதிவுகள். குரல் தலையின் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனின் இரு செருகிகளையும் இடம்மாற்றுங்கள். சாய்வும் மாறினால் குற்றம் கேபிளிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. மாறாவிட்டால் ஹெட்போனிலோ காதிலோ இருக்கிறது. மிகக் குறைந்த ஒலியளவில் மட்டும் சாய்கிறது என்றால் அது அம்பிளிஃபயரின் குமிழில் உள்ள சமமின்மை. கணனியில் ஒலியைக் குறைத்துக் குமிழைக் கூட்டினால் தீர்ந்துவிடும்.

ரொறன்ரோவில் வசிக்கும் என் மைத்துனர் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, "அத்தான், வலது பக்கம் செத்துப்போச்சு. கடையிலே புதுக் கேபிளும் அம்பிளிஃபயரும் எடுக்கச் சொல்லுறாங்கள்" என்றார். "தம்பி, முதலிலே ரெண்டு பக்கத்தையும் கழற்றி மாறிப் போட்டுப் பாரும்" என்றேன். மாற்றிச் செருகியதும் இரு பக்கமும் பேசின. செருகி முழுவதும் உள்ளே போகாமல் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கடைக்காரருக்கு இது தெரியாதிருக்க முடியுமா?

தாழ்ந்த ஒலிகள் குன்றினால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இரு கிண்ணங்களையும் உள்ளங்கைகளால் மெல்ல அழுத்துங்கள். தாழ்ந்த ஒலிகள் திரும்பி வந்தால் காற்றுக் கசிவே காரணம். பின்புறம் திறந்திருந்தாலும் காதுப்பக்கம் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். மூக்குக்கண்ணாடியின் காம்போ, தேய்ந்த மெத்தையோ அந்தப் பொருத்தத்தைக் கெடுத்துவிடும். செயற்கைத் தோல் மெத்தைகள் ஈரப்பதனில் சிதைந்து உரிவது அவற்றின் வேதியியல் இயல்பு. வியர்வையைத் துணியால் ஒற்றியெடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பெட்டியில் வைத்தால் ஆயுள் கூடும். உரிந்தபின் மெத்தையை மாற்றுவது நியாயமான செலவு. அதன் பின்னரும் போதவில்லையா? இலவசமாகக் கிடைக்கும் ஈக்குவலைசர் ஏபிஓ போன்ற மென்பொருளில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபல் கூட்டுங்கள். ஒலி சிதையாதிருக்க மொத்த அளவை அதே 4 டெசிபல் குறையுங்கள். நல்ல பிளேனர்கள் இந்தச் சுமையைத் தளராமல் தாங்கும். மதிப்புரைகள் இதை முதலில் சொல்லாததன் காரணம், இதற்கு விலை இல்லை என்பதே.

கரகரப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு தலைமயிர். 20 ஹேர்ட்ஸிலிருந்து 200 வரை ஏறும் சோதனை ஒலியை மெதுவாக ஓடவிட்டால், குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் கரகரக்கும். மெத்தையைக் கழற்றி விளக்கொளியில் தேடுங்கள். எடுப்பதற்குப் பிளாஸ்டிக் இடுக்கியே வேண்டும். இரும்பு இடுக்கியைக் காந்தம் இழுத்துப் படலத்தின் மேல் அறைந்துவிடும். வாயால் ஊதவும் வேண்டாம், தூசி உறிஞ்சும் இயந்திரத்தை நெருங்கவும் விட வேண்டாம். தலையில் மாட்டும்போது மட்டும் காகிதம் கசங்குவதுபோல் கேட்டால், உள்ளே அகப்பட்ட காற்று படலத்தைத் தள்ளுகிறது என்று பொருள். மெதுவாக மாட்டினால் போதும். மடிக்கணனியில் இரைச்சல் கேட்டால் மின்னேற்றியைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் ஹெட்போன் நிரபராதி.

பழுதே அல்லாத சிலவும் பழுதாகப் பேசப்படுகின்றன. ஒலி வெளியே கசிவதும், மின்விசிறியும் வீதி இரைச்சலும் உள்ளே வருவதும் திறந்த வகையின் இயல்பு. அந்தத் திறப்பினால்தான் பாடகர் நமது மண்டைக்குள் அடைபடாமல் அறையில் நின்று பாடுவதுபோல் இருக்கிறது. ஆபத்து, வெளி இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் ஒலியைக் கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 டெசிபலானால் 4 மணித்தியாலமே. பிளேனரின் ஒலிச்சிதைவு குறைவு என்பதால் அளவு கூடியது காதுக்கு உறைப்பதில்லை. இந்த எச்சரிக்கையை எத்தனை மதிப்புரைகளில் கண்டீர்கள்?

'தன் காசில் தான் விரும்பியதை ஒருவன் வாங்குகிறான், உமக்கென்ன?' என்று கேட்கலாம். விரும்பி வாங்குபவருடன் எனக்கு வழக்கில்லை. ஆனால் பழுதென்று வந்து கேட்டவருக்குச் சொல்லும் பதில் விருப்பம் சார்ந்ததன்று, உண்மை சார்ந்தது. அங்கே பொய் சொன்னால் காசு மட்டும் போவதில்லை.

ஒரு பக்கம் மெலிந்த ஹெட்போனைத் தலையில் இடம்வலமாக மாற்றி மாட்டிப் பாருங்கள். மெலிவு முன்பிருந்த அதே காதில் நின்றால் பழுது கருவியில் இல்லை, காதில் இருக்கிறது. அது குறும்பியாக இருக்கலாம். ஒரே நாளில் திடீரென வந்ததாயின் செவி நரம்பின் கேடாகவும் இருக்கலாம். அது அவசர சிகிச்சை வேண்டும் நிலை. நாட்கள் கடக்கக் கடக்கக் கேள்திறன் மீளும் வாய்ப்பு குறையும். அப்படிப்பட்ட ஒருவரிடம் வெள்ளிக் கேபிளைத் தருவித்து மூன்று கிழமை காத்திருக்கச் சொல்லும் எழுத்தை என்னவென்று அழைப்பது? ஒரு நிமிடச் சோதனையைச் சொல்ல அவர்களுக்கு இடமில்லை. பெட்டி திறக்கும் வைபவத்துக்குப் பத்துப் பந்தி உண்டு.

படலம் கிழிவதும் தடம் அறுவதும் உண்டு. அவை வீட்டில் திருத்தக் கூடியவை அல்ல. அங்கேதான் உற்பத்தியாளரின் பொறுப்பு தொடங்குகிறது. மெத்தை, தலைப்பட்டி, செருகுத்துளை, ஒலியூட்டும் பகுதி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே நியாய விலையில் கிடைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் திருத்தும் உரிமை குறித்து 2024இல் ஒரு பணிப்பாணையை நிறைவேற்றியது. சலவை இயந்திரமும் கைத்தொலைபேசியும் இடம்பெற்ற அதன் பட்டியலில் ஹெட்போன் இல்லை. சட்டம் கேட்காததை வாசகரும் எழுத்தாளரும் கேட்டால்தான் உண்டு.

மதிப்புரை எழுதுவோரிடம் நான் கேட்பவை நான்கு. கருவி எப்படிக் கைக்கு வந்தது என்று முதல் வரியில் எழுதுங்கள். எந்த அம்பிளிஃபயரில், எவ்வளவு காலம் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். காதுமெத்தை எங்கே கிடைக்கும், என்ன விலை என்று எழுதுங்கள். பழுதென்று வருபவரிடம் எதையும் வாங்கச் சொல்லுமுன், செருகியை மாற்றிப் போட்டுப் பார்த்தாரா என்று கேளுங்கள். இந்த நான்கையும் எழுத மறுப்பவர்கள் எழுதுவது விளம்பரம். பத்திரிகையில் அதற்குத் தனிப் பகுதியும் தனிக் கட்டணமும் உண்டு.