குளத்துப் பிராணிக்கு என்ன பூர்வ ஜென்மம்?

எரியோட்டில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரிடம் ஒரு குறிசொல்லி, "இது பூர்வ ஜென்மப் பாவம், ஒரு மண்டலம் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டுப் பரிகாரம் செய்" என்று சொன்னானாம். "உடம்பின் ரகசியம் ஆண்டவனுக்குத்தானே தெரியும்?" என்று ஒரு படித்த நண்பரும் நம்மிடம் அவனுக்காக வாதாடினார்.

தோழர்களே! அந்த ரகசியத்தைச் சற்றுப் பார்ப்போம்.

கணையத்தில் ஊறி, இரத்தத்தின் வழியே போய், சர்க்கரையை எடுத்துக்கொள்ளும்படி தசைகளுக்குச் செய்தி சொல்வது இன்சுலின் என்னும் ஹார்மோன். குளத்து நீரில் டெட்ரஹைமினா என்றொரு பிராணி உண்டு. அதன் உடம்பு முழுவதும் ஒரே செல். அதற்குக் கணையமில்லை, இரத்தமில்லை, மூளையுமில்லை. ஹங்கேரி தேசத்துப் புடாபெஸ்ட் நகரில் ஜியார்ஜி சாபா என்பவர் 1970களில் தொடங்கிச் செய்த சோதனைகளில், அந்தப் பிராணி இன்சுலினைப் பற்றிக்கொண்டது. ஒரு முறை பட்டபின், அது பிரிந்து பெருகிய சந்ததிகளும் முன்னைவிட அதிகமாகப் பற்றின. இந்தப் பிராணி எந்த ஜென்மத்தில் என்ன பாவம் செய்ததென்று குறிசொல்லியைக் கேட்கிறோம்.

கள்ளைப் புளிக்க வைக்கும் ஈஸ்டும் ஒரே செல்தான். தன் ஜோடியை அழைக்க அது ஒரு பொருளைக் கசிய விடுகிறது. 1982இல் அமெரிக்க விஞ்ஞானிகள் அதை எலியின் பிட்யூட்டரி செல்களில் இட்டார்கள். அவையும் இனவிருத்தி ஹார்மோனை வெளிவிட்டன. ஆகவே ஹார்மோன் வேலை செய்வது ரசாயனத்தாலேயொழிய கர்மத்தால் அல்ல.

ஜாதி இரத்தம் பேசுவோருக்கும் ஒரு வார்த்தை. 1922 முதல் பல்லாண்டுகள் இன்சுலினை மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்தே எடுத்தார்கள். மனித இன்சுலினில் உள்ள 51 அமினோ அமிலங்களில் பன்றியினதற்கு வித்தியாசம் ஒன்றே, மாட்டினதற்கு மூன்று. அது அக்கிரகாரத்திலும் சேரியிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்தது. பன்றிக்கும் பார்ப்பனருக்கும் பொதுவான சரக்கு, பார்ப்பனருக்கும் பறையருக்கும் பொதுவாகாதா? இன்றோ மனித இன்சுலினைப் பாக்டீரியாவும் ஈஸ்டும் செய்து கொடுக்கின்றன. பெங்களூர் பயோகான் கம்பெனி 2004இல் ஈஸ்டில் செய்ததை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முகத்தில் பிறந்தவருக்கும் காலில் பிறந்தவருக்கும் அது ஒரே ஊசிதான்.

நோய்க்காரர்களே! கோயிலுக்குப் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். ஆனால் டாக்டரைக் கேளாமல் ஊசியை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பாவம் போகாது, உயிர்தான் போகும். அன்றைக்குக் குறிசொல்லி வேறு ஊரில் தட்சிணை வாங்கிக்கொண்டிருப்பான்.