பச்சை கலர் வேண்டாம், பென்சில் போதும்

போன அக்டோபரில் எங்கள் சொசைட்டி வாட்சப் குரூப்பில் ஒரு அறிவிப்பு. ஹாலோவீனுக்காக குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி, தலைப்பு 'சினிமாப் பேய்'. அரை மணி நேரத்தில் வழக்கம் போல பட்டிமன்றம் ஆரம்பித்துவிட்டது. 'இதெல்லாம் நம்ம கலாசாரமா' என்று ஒரு கோஷ்டி, 'குழந்தைங்க சந்தோஷம் தானே' என்று இன்னொரு கோஷ்டி. நான் இரண்டிலும் சேராமல் தலைமறைவாகிவிட்டேன். புனேவுக்கு வந்த பதினாலு வருஷத்தில் கற்றுக்கொண்ட பாடம் அது :-)

வீட்டுக்குள் தலைமறைவாக முடியாதே. ஊரிலிருந்து அம்மா போனில், "பேய்க்கெல்லாமாடா பண்டிகை? புள்ள ராத்திரி பயந்துக்கப் போகுது" என்றார். "நம்ம வீடு கட்டினப்ப பூசணிக்காய்ல கோரைப்பல்லும் மீசையும் போட்டு வாசல்ல தொங்கவிட்டீங்களே, அது யாரும்மா?" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அது திருஷ்டிக்கு" என்று சொல்லிவிட்டு, போனை தங்கமணியிடம் கொடுக்கச் சொன்னார்.

நிற்க. ஹாலோவீன் வேணுமா வேண்டாமா என்பதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஆனால் வரைவது என்று ஆனபிறகு, நெட்டில் இருந்து பிரிண்ட் எடுத்து, உள்ளே பச்சை ஸ்கெட்ச் பேனாவைத் தேய்த்துக் கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. நாலாவது படிக்கும் என் பொண்ணு தேர்ந்தெடுத்தது ஃபிராங்கன்ஸ்டைன். முதலில் கேட்டது பச்சை கலர்.

"அந்தப் படமே கறுப்பு வெள்ளை, அதுல ஏது பச்சை?" என்றேன். ஞே என்று முழித்தாள்.

யுனிவர்சல் கம்பெனி 1931-ல் எடுத்த படம். இயக்கம் ஜேம்ஸ் வேல். நடிகர் போரிஸ் கார்லாஃபின் முகத்தில் நீலப்பச்சைச் சாயம் பூசியது உண்மைதான். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அது பிணம் மாதிரி வெளிறித் தெரியும் என்பதற்காகப் பூசினார்கள். பின்னால் வந்த பொம்மைக்காரர்களும் கார்ட்டூன்காரர்களும் அந்தப் பச்சையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆக, அந்த முகத்துக்கு நியாயமான கருவி பென்சில்தான். ஒரு ஹெச்பி, ஒரு 2பி, ஒரு 6பி, நல்ல ரப்பர். மொத்தச் செலவு ஒரு பீட்சாவுக்குக்கூட வராது.

அப்புறம் இன்னொன்று. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அவனைச் செய்த விஞ்ஞானியின் பேர். அவனுக்குப் பேரே கிடையாது. மேரி ஷெல்லி 1818-ல் வெளியிட்ட நாவலிலும் இல்லை, படத்திலும் இல்லை. படத்தின் ஆரம்பத்தில் நடிகர்கள் பட்டியலில்கூட அவனுக்கு நேராக ஒரு கேள்விக்குறிதான் போட்டிருப்பார்கள்.

முகத்துக்கு வருவோம். மற்ற முகங்களை முட்டை வடிவத்தில் ஆரம்பிப்போம். இதை செங்கல் மாதிரி நீள்சதுரத்தில் ஆரம்பிக்கணும். மேக்கப் போட்ட ஜாக் பியர்ஸின் கணக்கு என்னவென்றால், மூளையை உள்ளே வைக்கிற டாக்டர் மண்டையோட்டின் மேல்பகுதியை டப்பா மூடி மாதிரி நேராக வெட்டியிருப்பார், அதனால் தலை தட்டை. தினமும் நாலு மணி நேரம் அந்த வேலை நடக்குமாம். கழுத்தில் இருப்பது போல்ட் இல்லை, மின்சாரம் பாய்ச்சுகிற முனைகள். கண்கள் ரொம்ப உயிரோட இருக்கு என்று கார்லாஃபே சொல்ல, இமைகளில் மெழுகு வைத்து பாதி மூடினார்கள். தன் வாயில் இருந்த பல் செட்டையும் அவர் கழற்றி வைத்துவிட்டார், ஒரு பக்கக் கன்னம் ஒட்டி உள்ளே போவதற்காக. இதெல்லாம் தெரிந்து வரைந்தால் கோடு தானாக வரும். புருவ எலும்பு வீட்டு சன்ஷேடு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், அதன் நிழலில் கண். அந்த ஒட்டிய கன்னத்துக்கு மட்டும் ஒரு குழி நிழல்.

இங்கேதான் சிக்கல். பொண்ணு பென்சிலை அழுத்தவே மாட்டேன் என்கிறாள். 6பியைக் கையில் கொடுத்தாலும் பூனை நடக்கிற மாதிரி லேசாகத் தடவுகிறாள். கன்னமும் இல்லை, கண்ணும் இல்லை, சாம்பல் பூசின பலகை மாதிரி ஒரு முகம். "அழுத்தும்மா" என்றால், "கறுப்பாயிடும்பா, அசிங்கமா இருக்கும்" என்றாள்.

தங்கமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அதற்கு முந்தின மாசம்தான் கீழே விளையாடுகிற பசங்களில் யாரோ அவளை 'காலீ' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தியில் கறுப்பி. நாலு நாள் விளையாடப் போகவில்லை, காரணமும் சொல்லவில்லை. அப்புறம் அம்மாவிடம் போய் வெள்ளையாவதற்கு க்ரீம் இருக்கா என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

நான் உபதேசம் எதுவும் பண்ணவில்லை, எனக்கு அது வராது. கார்லாஃப் கதையைச் சொன்னேன். லண்டனில் பிறந்த அவரின் நிஜப் பேர் வில்லியம் ஹென்றி ப்ராட். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் இந்திய ரத்தம். நிறம் கொஞ்சம் மாநிறம். அதனாலேயே ஹாலிவுட்டில் ஆரம்ப காலத்தில் அரேபியன், இந்தியன் வேஷங்களாகக் கொடுத்திருக்கிறார்கள். அவர் அம்மாவின் சித்திதான் சயாம் ராஜா வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அன்னா லியோனோவென்ஸ். 'தி கிங் அண்ட் ஐ' படம் அந்த அம்மாவைப் பற்றியதுதான். தான் வேல்ஸில் பிறந்ததாகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். உண்மையில் பிறந்தது 1831-ல், அஹமத்நகரில். 2024-ல் அஹில்யாநகர் என்று பேர் மாற்றினார்களே, அதே ஊர். எங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரம்.

"அப்போ இந்தப் பேய் நம்ம ஊரா?" என்றாள். பாதி நம்ம ஊர் என்றேன்.

குளத்தங்கரைக் காட்சியையும் சொன்னேன். படத்தைக் காட்டவில்லை, கதையாகத்தான். ஒரு சின்னப் பெண் மட்டும் அவனைப் பார்த்துப் பயப்படாமல் கையில் பூ கொடுப்பாள். இருவரும் பூக்களைத் தண்ணீரில் போட்டு மிதக்கவிடுவார்கள். பூ தீர்ந்ததும், இவளும் மிதப்பாள் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவான். அந்தக் கடைசி சில நொடிகளை ரொம்ப வருஷம் வெட்டிவிட்டே காட்டினார்கள், 1980களில்தான் திரும்பச் சேர்த்தார்கள். வெட்டியதால் அவன் வேண்டுமென்றே என்னமோ பண்ணிவிட்டான் என்றுதான் ஜனங்கள் நினைத்திருப்பார்கள். பொண்ணு ரொம்ப நேரம் பேசவில்லை. "அவனுக்கு யாரும் சொல்லித் தரலையாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கு ராத்திரி புருவத்துக்குக் கீழே 6பியை அழுத்தின அழுத்தில் தாளே பளபளத்தது. நெற்றியில் வெளிச்சம் படுகிற இடத்தை ரப்பரால் ஒற்றி எடுக்கக் காட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான் என் பங்கு. கழுத்து கோணல், ஒரு காது மேலே ஏறிவிட்டது. கண் மட்டும் உங்களைப் பார்த்து என்னமோ கேட்கிற மாதிரி இருந்தது.

போட்டியில் பரிசு இல்லை. 'நல்லாதான் இருக்கு, ஆனா பேய் மாதிரி இல்லையே, பாவமா இருக்கே' என்றாராம் நடுவராக இருந்த ஆன்ட்டி. முதல் பரிசு ஒரு பச்சை முகத்துக்கு. எனக்குக் கொஞ்சம் கடுப்புதான். அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை, படத்தை ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு, 1935-ல் வந்த இரண்டாம் பாகத்தின் மணப்பெண்ணை அடுத்து வரையணும் என்றாள். அந்தப் பெண்ணின் தலைமுடியில் இரண்டு பக்கமும் மின்னல் மாதிரி வெள்ளைப் பட்டை இருக்கும். பென்சிலில் வெள்ளையை எப்படிப் போடுவாய் என்று கேட்டேன்.

"அதைப் போடவே கூடாதுப்பா. சுத்தி கறுப்பா போட்டுட்டு அங்க மட்டும் பேப்பரை விட்டுடணும்."

6பி தீர்ந்துவிட்டது. சாயங்காலம் வரும்போது ரெண்டாக வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள்.