கருத்தடையும் எளியோர் கைப்பொருளும்

உயிர்களிடத்து இரக்கம் வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும் அவ்விரக்கத்திற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்னும் வினா எழுங்கால் பெரும்பாலோர் வாய்மூடி விடுகிறோம். தெருநாய்ச் சிக்கலின் முடிச்சு இங்கேதான் உள்ளது என்பது நம் கருத்து.

கொன்று குறைக்கும் வழியைச் சென்னை மாநகராட்சி நூற்றாண்டுக்கும் மேலாகப் பின்பற்றிப் பார்த்தது. பயன் என்ன? 1996 அளவில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன என்பது புளூ கிராஸ் அமைப்பு தரும் கணக்கு. காலியான தெருவை வேற்றிட நாய்கள் நிரப்பின. எஞ்சியவை மேலும் ஈன்றன. 1964 முதல் அவ்வமைப்பு வலியுறுத்தி வந்த கருத்தடைத் திட்டத்தை மாநகராட்சி 1996இல்தான் ஏற்றது. அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியிட்டு, பிடித்த தெருவிலேயே விடும் அம்முறை 2001இல் நாடு முழுமைக்கும் விதியாயிற்று.

எனினும் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சென்னைத் தெருநாய்கள் ஏறத்தாழ 1.8 லட்சம், கருத்தடை செய்யப்பட்டவை நான்கில் ஒரு பங்கினும் சற்றே மிகுதி. 2023ஆம் ஆண்டு விதிகள் தெருநாயின் பொறுப்பை உள்ளாட்சியிடமும், வளர்ப்புப் பிராணியின் பொறுப்பை வளர்ப்போரிடமும் ஒப்படைக்கின்றன. ஏட்டளவில் தெளிவான பிரிவினையே. ஆனால் காலடிப்பேட்டைச் சந்தில் நான்கு வீடுகள் சோறிடும் நாய் யாருடையது? மீன் தலைக்காக வாசலில் காத்திருக்கும் பூனை யாருடையது? அது சினையுற்ற இரண்டே மாதத்தில் குட்டி ஈனும். தனியார் மருத்துவரிடம் அறுவைக்கு ஆகும் தொகையோ சுமை தூக்கும் தொழிலாளியின் பல நாள் கூலி. ஆதலின் குட்டிகள் கோணிப்பையில் கட்டுண்டு சந்தை ஓரம் சேர்கின்றன. இது கல்நெஞ்சமன்று; கைப்பொருளின்மை.

மனிதருக்கே வசதியில்லாதபோது நாய்க்கு அறுவையா என வினவுவோர் உண்டு. நியாயமான வினாவே. ஆயின் வண்டியில் செல்லும் செல்வரைவிட, நடந்து பள்ளி செல்லும் ஏழைச் சிறுவனையன்றோ நாய் எளிதில் கடிக்கிறது? அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். ஆனால் நான்கைந்து முறை அவனை அழைத்துச் செல்லும் தாய்க்கு அத்தனை நாள் கூலியும் போகிறது. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டாலோ, உயிர் மீள்வது ஏறக்குறைய இல்லை.

ஆகவே, காலடிப்பேட்டைக்கு அருகிலேயே, தகுதி பெற்ற கால்நடை மருத்துவரைக் கொண்டு, விதிகள் கூறும் வசதிகளுடன், அரைநாள் கூலிக்கு மேற்படாத கட்டணத்தில் மாதந்தோறும் கருத்தடை முகாம் நடைபெற வேண்டும் என்கிறோம். எஞ்சிய செலவை மாநகராட்சியும், ஜமாஅத்துகளும், கோயில், தேவாலய நிருவாகங்களும், வணிகர் சங்கங்களும் பகிர்ந்து கொள்ளலாம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் வீடுதோறும் பதிவு செய்யலாம். தையல் ஆறும்வரை கவனிக்கலாம். அறுத்த அன்றே தெருவில் விடும் முகாம் எவருக்கும் வேண்டா.

பெரியோர் பொருள் தருக. இளையோர் உழைப்புத் தருக. எளியோர் செய்ய விரும்பியும் இயலாதிருந்த நற்செயல் அவர்தம் கைக்கு எட்டுவதாகுக.