நம்பிக்கையும் வாக்குறுதியும்

மாற்று மருத்துவம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு கட்சிகள் பிரிந்துவிடுகின்றன. ஒரு சாரார்க்குச் சித்தர் சொன்னவை யாவும் வேதவாக்கு. மறு சாரார்க்கு அவை யாவும் மூடநம்பிக்கை. நோயாளி இவ்விரு கட்சிகளிலும் இல்லை. அவருக்கு வேண்டியது அரிப்பில்லாத ஓர் இரவு.

எங்கள் தமையனாருக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சோரியாசிஸ். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். உடலின் எதிர்ப்பாற்றல் திசைமாறித் தோலைத் தூண்டிவிட, ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதிர்ந்து உதிர வேண்டிய தோலணுக்கள் சில நாட்களிலேயே மேலே வந்து செதில்செதிலாகப் படிகின்றன. தொற்றுநோய் அன்று. ஆயினும் பேருந்தில் அருகில் அமர்ந்தவர் எழுந்து வேறிடம் செல்வதை அவர் பலமுறை கண்டிருக்கிறார். கோடையிலும் முழுக்கைச் சட்டைதான். இந்நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இல்லை என்பதை உலக சுகாதாரப் பேரவையின் 2014ஆம் ஆண்டுத் தீர்மானமே ஒப்புக்கொள்கிறது.

அத்தகையவரிடம் ஒருவர், "மூன்றே மாதத்தில் வேரோடு போக்கிவிடுகிறேன்" என்றார். போனோம். பெயரோ சேர்மானமோ எழுதப்படாத பொடிப் பொட்டலங்கள் கிடைத்தன. வாரம் ஒருமுறை விழுங்கிவந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினோம். மூன்று வாரங்களில் தோல் தெளிந்தது. அண்ணன் அரைக்கைச் சட்டை வாங்கினார். பொட்டலம் தீர்ந்த பத்தாம் நாள், உடலெங்கும் சீழ்க்கொப்புளங்களும் கடுங்காய்ச்சலுமாக அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்று தோல் மருத்துவர் ஐயுற்றார். உட்கொண்டுவந்த ஸ்டீராய்டு திடீரென நின்றால் சோரியாசிஸ் இவ்வாறு சீறி எழுவதுண்டு.

ஓராண்டு கழித்து அண்ணனே மீண்டும் சித்த மருத்துவரைப் பார்க்க விரும்பினார். நாங்கள் தயங்கினோம். இம்முறை அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்குச் சென்றோம். அங்கிருந்த மருத்துவர் முதலில் பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைக் கேட்டார். உணவு, உறக்கம், மனக்கவலை யாவற்றையும் பொறுமையாக விசாரித்தார். "அடக்கி வைக்கலாம், அடியோடு போய்விடும் என்று சொல்லமாட்டேன். உங்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்றார். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைத்து எடுத்த தைலத்தைக் கொடுத்தார்.

இன்று செதில்கள் குறைந்திருக்கின்றன. தைலத்துக்கே அந்தப் புகழ் என்று நாங்கள் சொல்லமாட்டோம். சோரியாசிஸ் ஏறியும் இறங்கியும் வரும் நோய். அது உச்சத்தில் இருக்கும்போதுதான் புதிய மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். தானாகவே தணிந்தாலும் புகழ் கடைசியாகக் கைவைத்தவருக்கே சேர்கிறது. "எனக்குக் குணமாயிற்று" என்னும் சாட்சியங்கள் பொய்யல்ல. ஆனால், அவை மட்டும் போதா.

ஆகவே, இங்கே வேறுபாடு ஆங்கில மருத்துவத்துக்கும் சித்த மருத்துவத்துக்கும் இடையே இல்லை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. முதலாமவர் விற்றது வாக்குறுதி. இரண்டாமவர் தந்தது நம்பிக்கை. மூன்று நிமிடங்களில் சீட்டெழுதி அனுப்பும் நவீன மருத்துவர்களும் இதைச் சிந்திக்க வேண்டும். அங்கே பேச இயலாதவர்தான் பொடிக்காரரின் வாசலில் போய் நிற்கிறார்.

நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பணிசெய்பவர் என்று மருத்துவத்தை நான்காக வகுத்தார் வள்ளுவர். அந்த நான்காமவராகிய நாங்களே முதல்முறை கடமை தவறினோம். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அண்ணனின் முகமலர்ச்சி கலைந்துவிடுமோ என்று அஞ்சி வாளாவிருந்தோம்.

மாற்று மருத்துவத்தை நாடுவோரைத் தடுப்பது எங்கள் நோக்கமன்று. மருந்தின் பெயரைக் கேளுங்கள். பழைய மருந்தை நிறுத்தச் சொன்னால் காரணம் கேளுங்கள். அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமும் கலந்துகொள்ளுங்கள். இக்கேள்விகளுக்குச் சினப்பவர் யாராயினும், எந்த மருத்துவமுறையைச் சேர்ந்தவராயினும், எழுந்து வந்துவிடுங்கள்.