தொட்டி தாங்கும் அளவும் நாம் வாங்கும் அளவும்

கண்ணாடித் தொட்டி, அதனுள் அடர்ந்த நீர்த்தாவரங்கள், அவற்றினூடே நீந்தும் சிறு மீன்கள் என்னும் காட்சியை மும்பை, பெங்களூரு, கொல்கத்தா, சென்னை என எந்நகரின் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இன்று காணலாம். நாயோ பூனையோ வளர்க்க இடமில்லாத வீடுகளுக்கு இது ஓர் இனிய துணை. இதில் புதிதாக ஈடுபடுவோர் விளக்கையும் தாவரங்களையும் மண்ணையும் பல நாள் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கின்றனர். மீன்களின் எண்ணிக்கையை மட்டும் கடையில் நின்றுகொண்டு ஐந்தே நிமிடத்தில் முடிவு செய்துவிடுகின்றனர். உயிர்களின் நலம் பெரிதும் சார்ந்திருப்பது அந்த முடிவையே.

தொட்டி நன்றாக இயங்கும் நாளை வைத்து மீன்களை எண்ணலாகாது. மின்சாரம் தடைப்பட்ட கோடை இரவை வைத்தே எண்ண வேண்டும் என்பது எமது கருத்து.

முதலில் நீரின் உண்மையான அளவைக் கணக்கிடுவோம். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் கொண்ட இரண்டடித் தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர். விளிம்பிலிருந்து 3 செ.மீ. குறைத்தே நீர் நிரப்புகிறோம். அதில் ஐந்து லிட்டருக்கு மேல் கழிகிறது. அடியில் பரப்பும் மண், கற்கள், மரக்கட்டை ஆகியவையும் இடம் பிடித்துக்கொள்கின்றன. எஞ்சுவது ஏறத்தாழ 42 லிட்டர். நமது கையிருப்பு அதுவே.

ஒரு காலன் நீருக்கு ஓர் அங்குல மீன் என்றொரு பழைய விதியைப் பலர் சொல்லக் கேட்டிருப்போம். நினைவில் வைக்க எளிது, ஆயின் நம்பத்தக்கதன்று. ஓர் அங்குல மீன்கள் பத்தும், பத்து அங்குல மீன் ஒன்றும் அந்த விதிப்படி சமம். நீளம் பத்து மடங்கானால் உடலின் பருமன் ஏறத்தாழ ஆயிரம் மடங்காகும் என்பதை அவ்விதி மறந்துவிடுகிறது. அன்றியும், ஆக்சிஜன் நீரில் கலப்பது மேற்பரப்பின் வழியாகவே. ஒரே கொள்ளளவுடைய இரு தொட்டிகளில் உயரமானதைவிட அகன்றது கூடுதல் மீன்களைத் தாங்கும்.

தாவரங்கள் மிகுந்த தொட்டியில் எத்தனை மீன்களை வேண்டுமானாலும் விடலாம் என்பது பரவலான மற்றொரு நம்பிக்கை. இதில் பாதி உண்மை உண்டு. மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. வடிகட்டியிலும் மண்ணிலும் வாழும் நுண்ணுயிரிகள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. விரைந்து வளரும் தாவரங்கள் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உணவாக உறிஞ்சிக்கொள்வதால் நீர் தூய்மையாகவே இருக்கும்.

மறு பாதி இரவில் வெளிப்படுகிறது. விளக்கு அணைந்ததும் தாவரங்கள் ஆக்சிஜனை வெளியிடுவதை நிறுத்தி, மீன்களைப் போலவே அதனை உட்கொள்ளத் தொடங்குகின்றன. வெப்பம் கூடக்கூட நீரில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் மட்டுமே. அதே வெப்பத்தில் மீன்களின் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. அந்நேரத்தில் மின்சாரம் நின்று வடிகட்டியும் நின்றுபோனால் மேற்பரப்பு அசைவற்றுவிடும். நுண்ணுயிரிகளும் ஆக்சிஜனின்றி நலியத் தொடங்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து தவிப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. பத்து மீன்கள் உள்ள தொட்டி இத்தகைய இரவைக் கடந்துவிடக்கூடும். முப்பது மீன்கள் உள்ள தொட்டிக்கு அந்த அவகாசம் இல்லை.

அப்படியானால் இரண்டு மூன்று மீன்களோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லதா? அதுவும் அன்று. நியான் டெட்ரா, எம்பர் டெட்ரா, ஹார்லிகுவின் ரஸ்போரா, நம் நாட்டு நீர்நிலைகளுக்கே உரிய ஜீப்ரா டானியோ போன்ற சிறு மீன்கள் கூட்டமாக வாழும் இயல்பின. தன்னினத்தார் ஆறு பேரேனும் உடனில்லாவிடில் அவை அஞ்சி ஒளிகின்றன, நிறம் மங்குகின்றன, சில ஒன்றையொன்று துரத்திக் கடிக்கின்றன. எனவே குறைக்க வேண்டியது வகைகளின் எண்ணிக்கையை. ஐந்து வகையில் இரண்டிரண்டு வாங்கினாலும் பத்து மீன்கள்; ஒரே வகையில் வாங்கினாலும் பத்து மீன்கள். நீரின் சுமையில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் முன்னதில் பத்தும் தனிமையில் வாடும். பின்னதில் பத்தும் ஒரு கூட்டமாக இயங்கும்.

மேற்கண்ட இரண்டடித் தொட்டிக்கு எமது பரிந்துரை இது: மூன்று நான்கு செ.மீ. வளரும் ஒரே வகை மீன்கள் பத்து. விரும்பினால் அவற்றோடு ஹனி கௌராமி ஓர் இணை. வடகிழக்கு இந்தியாவின் நீர்நிலைகளிலும் வாழும் இக்கௌராமி, நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்க வல்லது. இரண்டு செ.மீ. அளவே வளரும் எம்பர் டெட்ராவாயின் பதினைந்து வரை விடலாம். இதற்கு மேலும் தொட்டி தாங்கக்கூடும். எனினும் அந்த இடைவெளியை நிரப்பாமல் விட்டுவைப்பதே பாதுகாப்பு.

கடைத்தொட்டியில் நூற்றுக்கணக்கான மீன்கள் நலமாக இருக்கின்றனவே என்று சிலர் கேட்பதுண்டு. கொல்கத்தாவின் கேலிஃப் தெருவானாலும் சென்னையின் கொளத்தூரானாலும், கடையில் மீன் தங்குவது சில நாட்களே. அங்கே காற்றுக்குழாய் ஓயாது இயங்கும். நீர் அடிக்கடி மாற்றப்படும். நம் வீட்டுத் தொட்டியோ அவை ஆண்டுக்கணக்கில் வாழ வேண்டிய இடம்.

கடையில் காணும் அளவும் நம்மை ஏமாற்றும். மிஸ் கேரளா என்று வழங்கும் செங்கோட்டு மீன் கடையில் ஐந்து செ.மீ. இருக்கும், வளர்ந்தபின் பத்து செ.மீ.க்கு மேல் நீளும். கூட்டமாக வேகமாக நீந்தும் அதற்கு இரண்டடித் தொட்டி போதவே போதாது. கேரள, கர்நாடக மலையாறுகளுக்கு மட்டுமே உரிய இவ்வினம், அலங்கார மீன் வணிகத்துக்காக மிகுதியாகப் பிடிக்கப்பட்டதும் ஒரு காரணமாக, அழிவின் அச்சுறுத்தலுக்கு உள்ளாகியிருக்கிறது. பாசி தின்னும் என்று விற்கப்படும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். தொட்டியில் இடம் போதாமல் குளத்தில் விடப்பட்ட சக்கர் மீன்கள், கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் உட்பட நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி மீனவர்களுக்குத் தொல்லையாகிவிட்டன. கப்பி மீன்களில் ஆணும் பெண்ணும் கலந்து வாங்கினால் ஏறத்தாழ மாதந்தோறும் குஞ்சுகள் பிறக்கும். இன்று போட்ட கணக்கு ஆறு மாதத்தில் செல்லாது. கப்பி விரும்புவோர் ஆண்மீன்களை மட்டும் வாங்குவது நலம்.

எண்ணிக்கையை முடிவு செய்தபின்பும் பொறுமை வேண்டும். புதிய தொட்டியில் நுண்ணுயிரிகள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். சோதனைப் பெட்டியால் பார்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று உறுதியான பின்னரே முதல் ஆறு மீன்களை விட வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து எஞ்சியவற்றைச் சேர்க்கலாம். அதன்பின் வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை, அதாவது ஒரு வாளி அளவு, குளோரின் நீக்கிய நீரால் மாற்றினால் போதும். மீன்கள் முப்பதானால் இந்த ஒரு வாளி போதாது. நம் விடுமுறையும் வெளியூர்ப் பயணமும்கூடத் தொட்டியின் தயவில் அமைந்துவிடும்.

கடன் வாங்குவோர் இக்கணக்கை நன்கறிவர். நமது வருமானத்துக்கு வங்கி அனுமதிக்கும் உச்சவரம்பு வேறு. வருமானம் தடைப்பட்ட மாதத்திலும் தவணை செலுத்த இயலுமாறு நாம் வாங்கும் தொகை வேறு. அறிந்தோர் இரண்டாவதையே கருத்திற்கொள்வர். கடனிலாவது தவறிய தவணையைப் பின்னர் ஈடுசெய்ய வழியுண்டு. ஓரிரவில் மூச்சுத்திணறி இறந்த மீனுக்கு அவ்வழியில்லை.

ஆகவே கடைக்குப் புறப்படுமுன் வீட்டிலேயே அமர்ந்து, தொட்டியின் உண்மையான நீரளவையும் விரும்பும் மீனின் முழுவளர்ச்சி அளவையும் பார்த்து, வகையையும் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கடைக்காரர் இன்னும் ஐந்து சேர்த்துக்கொள்ளுங்கள், விலை குறைத்துத் தருகிறேன் என்று சொல்லும்போது, அந்தத் தாளைப் பார்த்து வேண்டாம் என்று சொல்வது எளிதாக இருக்கும்.